அதிர்வு அலாரங்களைக் குழுவாக அமைப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இயந்திர அதிர்வைக் கண்காணிக்கும் மென்பொருள் பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இந்த மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயருக்குப் பதிலாக ஊரும் வேலையும் மட்டும் தரப்பட்டுள்ளன. முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்ற நான்குக்கும் அடிப்படை அதில்தான் இருக்கிறது என்பதால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் 26 ஃபேன்களுக்கும் பம்புகளுக்கும் நிலையான சென்சார்கள் பொருத்தி, கண்ட்ரோல் ரூமில் அதிர்வுக் கண்காணிப்பு மென்பொருளை நிறுவியிருக்கிறோம். ஒரு ஷிஃப்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் வருகின்றன. ஆபரேட்டர்கள் படித்துப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் ஒரே அழுத்தில் ‘அக்னாலெட்ஜ்’ (பார்த்துவிட்டேன் என்ற ஏற்பு) கொடுத்துவிடுகிறார்கள். நிறுவிக் கொடுத்தவர்களோ, “பகுதிவாரியாகக் குழு கட்டிவிடுங்கள், திரை அமைதியாகிவிடும்” என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
(பராமரிப்புப் பொறியாளர், கங்கைகொண்டான்)

பதில்: திரை அமைதியாகும், அதில் சந்தேகமில்லை. இயந்திரமும் அமைதியாக இருக்கிறதா என்பதுதான் தெரியாமல் போகும்.

‘குழு’ என்ற ஒரே சொல் இந்த மென்பொருள்களில் இரண்டு வேறு வேலைகளுக்கு வழங்குவதால் முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம். ஒரே வகை இயந்திரங்கள் பத்து இருந்தால், அலாரம் அமைப்பை ஒரு தடவை எழுதிப் பத்துக்கும் பொருத்துவது ஒரு வேலை. அது நமக்கு எழுதும் வேலையைக் குறைக்குமே தவிர, வருகிற அலாரங்களில் ஒன்றைக்கூடக் குறைக்காது. பல அளவீடுகளின் நிலையை ஒன்றாகத் திரட்டி, அவற்றில் எது மிக மோசமோ அதன் நிறத்தையே குழுவின் நிறமாகக் காட்டுவது இன்னொரு வேலை. நீங்கள் கேட்பது இந்த இரண்டாவதைப் பற்றி. இதில் யாரை யாரோடு சேர்ப்பது என்பதில்தான் எல்லாத் தவறுகளும் நடக்கின்றன.

நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: ஒரு குழு சிவப்பானால் ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். பகுதிவாரிக் குழு இதில் தேறாது. ‘பாய்லர் பகுதி’ என்ற பட்டை சிவப்பானால், அவர் கிரீஸ் கன்னை எடுப்பதா, ஃபேனை நிறுத்துவதா, அறுந்த கேபிளைத் தேடுவதா? மூன்றுக்கும் ஒரே சிவப்பு என்றால் மூன்றும் செய்யப்படாமலே போகும்.

உங்கள் ஃபேன்களில் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். 200 கிலோவாட் மோட்டார், நிமிடத்துக்கு 1480 சுற்று என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஏறக்குறைய 24.7 சுற்று. ஃபேனின் இறக்கையில் தூசி படிந்து சமநிலை கெட்டால், அதிர்வு இந்த 24.7 ஹெர்ட்ஸில் உயரும். அது மோட்டார் பேரிங்கிலும் ஃபேன் பேரிங்கிலும், பெரும்பாலும் கிடைத்திசையில், ஒரே சமயத்தில் தெரியும். நான்கு பேரிங்குகளிலிருந்து நான்கு அலாரங்கள் வந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: அடுத்த நிறுத்தத்தில் இறக்கையைக் கழுவிப் பார்ப்பது. ஆகவே, நான்கு இடங்களிலும் சுழல்வேகத்துக்குச் சமமான அதிர்வெண்ணில் எடுத்த அளவீடுகளைச் சேர்த்து ‘சமநிலை’ என்று ஒரு குழு கட்டலாம். மோட்டாரையும் ஃபேனையும் இணைக்கும் கப்ளிங் நேர்கோடு தவறினால் வேகத்தின் இரு மடங்கிலும் அச்சுத் திசையிலும் அதிர்வு ஏறும். கப்ளிங்கின் இரு பக்க அளவீடுகளையும் சேர்த்து அதற்கு ஒரு குழு. பேரிங்குகளை மட்டும் ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள். மோட்டாரின் பின்பக்கப் பேரிங்குக்கும் ஃபேனின் முன்பக்கப் பேரிங்குக்கும் வேலை வேறு, உதிரிப் பாகம் வேறு. ஒரு பேரிங்குக்குரிய வெப்பநிலை, உயர் அதிர்வெண் அளவீடு, என்வலப் அளவீடு (பழுதின் சிறு தட்டல்களைப் பிரித்துக் காட்டுவது) மூன்றும் சேர்ந்து அந்தப் பேரிங்கின் குழு ஆகட்டும்.

அதிர்வெண் பட்டைகளை, அதாவது எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை ஓர் அளவீடு என்பதை, பிரிக்கும் இடத்திலும் ஒரு கண் வேண்டும். அந்த மோட்டாரின் பேரிங்கில் 8 குண்டுகள் என்றால், வெளிவளையப் பழுது சுழல்வேகத்தின் 0.4 மடங்கைக் குண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கிய இடத்தில், அதாவது 79 ஹெர்ட்ஸை ஒட்டித் தெரியும். உள்வளையப் பழுதுக்கு அந்த 0.4 என்பது 0.6 ஆகும், எனவே 118 ஹெர்ட்ஸை ஒட்டி. (இவை தோராயக் கணக்கு, பேரிங் எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலான மென்பொருள்கள் சரியான மதிப்பைத் தாமே எடுத்துக்கொள்ளும்.) இவ்விரண்டுக்கும் நடுவே, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸ் மின்காந்த அதிர்வு உட்கார்ந்திருக்கிறது. ‘பேரிங்’ என்று பெயரிட்டு 70 முதல் 130 வரை ஒரே பட்டையாக வரைந்துவிட்டால், மின்சாரக் கோளாறு ஒவ்வொரு முறையும் பேரிங் அலாரமாக வரும். இரண்டு நல்ல பேரிங்குகளைக் கழற்றி எறிந்த பிறகு அந்தக் குழுவை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

சென்சார் கோளாறு, கேபிள் அறுந்தது, ஊட்டு மின்னழுத்தம் குறைந்தது ஆகியவற்றைக் கட்டாயம் தனிக் குழுவாக வையுங்கள்; நிறமும் வேறாக இருக்கட்டும். இதை நான் வலியுறுத்துவதற்குச் சொந்தக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் ஒரு ஃபேனுக்கு ஒரே குழு என்று அமைத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு கேபிள் அறுந்ததால் அந்தக் குழு மூன்று நாட்களாகச் சிவப்பாக இருந்தது. அதற்கு அக்னாலெட்ஜும் கொடுத்தாயிற்று. மூன்றாம் இரவில் அதே ஃபேனின் பேரிங் உண்மையிலேயே கெடத் தொடங்கியபோது, ஏற்கெனவே சிவப்பாக இருந்த குழுவில் புதிதாகச் சிவப்பாக எதுவும் இல்லாததால் மணி அடிக்கவில்லை. வழியில் போன ஃபிட்டர் ஒருவர் திருப்புளியின் நுனியைப் பேரிங் உறையில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “சார், உள்ள அரிசி வறுக்க மாதிரி கேக்கு” என்று ஓடி வந்ததால்தான் ஃபேனை நிறுத்தினோம். பேரிங்கின் கூண்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

எனவே குழு அமைக்கும் திரையில் நீங்கள் முதலில் தேட வேண்டியது, ஏற்பு கொடுக்கப்பட்ட குழுவுக்குள் புதிய உறுப்பினர் ஒன்று அலாரத்துக்கு வந்தால் குழு மறுபடியும் ஒளிரவும் ஒலிக்கவும் செய்யுமா என்ற தேர்வை. சில மென்பொருள்களில் அது நிறுவும்போதே அணைந்திருக்கும். அதை இயக்கியபின் சோதித்தும் பாருங்கள்: ஓர் அளவீட்டின் வரம்பைத் தற்காலிகமாகக் கீழே இறக்கிக் குழுவைச் சிவப்பாக்குங்கள், ஏற்பு கொடுங்கள், பிறகு அதே குழுவின் இரண்டாவது அளவீட்டை இறக்குங்கள். இரண்டாம் முறை மணி அடிக்காவிட்டால் அந்தக் குழுவை நம்பி இரவு ஷிஃப்டை ஒப்படைக்கக் கூடாது. சோதனை முடிந்ததும் வரம்புகளைப் பழைய இடத்தில் வைத்தீர்களா என்பதையும் சரிபாருங்கள். மறந்தவர்களை நான் அறிவேன்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். நூறு அலாரங்களில் பாதிக்குமேல் ஒரே அளவீடு வரம்புக்கு மேலும் கீழுமாக ஊசலாடுவதால் வருபவையாக இருக்கக்கூடும். குழு கட்டும் முன் நிகழ்வுப் பதிவைப் பார்த்து அதை உறுதிசெய்யுங்கள். விநாடிக்கு 1.9 மி.மீ. அதிர்வில் எழும் அலாரம் 1.7-க்குக் கீழே இறங்கினால்தான் அணைய வேண்டும் என்று இடைவெளி வைத்து, வரம்பைத் தாண்டிய நிலை சில விநாடிகள் நீடித்தால்தான் எழ வேண்டும் என்று தாமதமும் வைத்தால், இந்த ஊசலாட்டம் நின்றுவிடும். ஃபேன் ஓடத் தொடங்கி வேகம் ஏறும் நேரத்தில் மட்டும் எச்சரிக்கைகளை நிறுத்திவைக்கலாம். இவற்றைச் செய்யாமல் குழு கட்டுவது, ஒழுகும் குழாயை மூடாமல் அடியில் பெரிய அண்டாவை வைப்பதுபோல.

ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்குமேல் அலாரம் போகாமலிருப்பதே தாங்கக்கூடிய சராசரி என்று அலாரம் அமைப்புகளுக்கான பிரிட்டனின் ஈ.ஈ.எம்.யூ.ஏ. 191 வழிகாட்டி கொள்கிறது. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தபோது, வெடிப்புக்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு வந்த அலாரங்கள் 275. அத்தனையையும் படித்துப் பார்க்க அவர்களாலும் முடிந்திருக்காது. உங்கள் ஆபரேட்டர்கள் ஒரே அழுத்தில் ஏற்பு கொடுப்பதை ஒழுக்கக் குறைவாக எண்ணாதீர்கள்; அந்தத் திரைக்கு முன் நீங்களும் நானும் உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்வோம்.

கேள்வி: எங்கள் பராமரிப்பில் ஒரே மாடல் காற்றாலைகள் 30-க்கு மேல் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே குழுவில் போட்டு ஒரே வரம்பு கொடுத்திருக்கிறோம். வைகாசி பிறந்ததிலிருந்து ஆவணி வரை அலாரம் ஓயாது. ஐப்பசியில் ஒன்றுமே வராது. எது சரி?
(காற்றாலைத் தொழில்நுட்பர், பணகுடி)

பதில்: இரண்டும் சரியில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று பாயும் மாதங்களில் உங்கள் கியர்பாக்ஸ்கள் முழுச் சுமையில் ஓடுகின்றன. காற்று ஓய்ந்த மாதங்களில் பாதிக்கும் குறைவாக. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், பற்கள் ஒன்றோடொன்று இணையும் அதிர்வு மட்டும் ஆண்டு முழுதும் ஒரே அளவில் இருக்குமா? ஒரே வரம்பு என்றால் அது ஆடியில் பொய் சொல்லும், ஐப்பசியில் ஊமையாகும். அளவீடுகளை உற்பத்தியாகும் மின்சாரத்தின்படி நான்கைந்து வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் தனி வரம்பு வையுங்கள். ஜெனரேட்டர் இரண்டு வேகத்தில் ஓடும் பழைய மாடலாக இருந்தால், 1000 சுற்றுக்கும் 1500 சுற்றுக்கும் தனித்தனி அமைப்பு வேண்டும்.

ஒரே மாடல் 30 இருப்பது பெரிய வசதி. ஒரே நாளில், ஒரே சுமை வகுப்பில் எல்லாக் கோபுரங்களின் அதே அளவீட்டையும் அடுக்கிப் பார்த்தால், மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் ஒன்று தானாகத் தெரியும். அது தன் வரம்பைத் தாண்டாமலே இருந்தாலும் முதலில் ஏற வேண்டிய கோபுரம் அதுதான். இப்படி ஒப்பிடுவதற்காகக் கட்டும் குழுவில் அலாரம் மணி தேவையில்லை. வாரம் ஒரு முறை பார்க்கும் வரைபடம் போதும்.

இன்னொன்று: மெயின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 18 சுற்று என்றால் அது விநாடிக்கு 0.3 சுற்று, அதாவது 0.3 ஹெர்ட்ஸ்தான். தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வழக்கமான 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் அளவீட்டில் அந்தச் சுழற்சியே விழாது. ஆகவே மெயின் பேரிங்குக்குக் குறைந்த அதிர்வெண் சென்சாரும் தனிக் குழுவும் வைக்க வேண்டும். ஜெனரேட்டரோடு அதைச் சேர்த்தால் அதன் மெல்லிய குரல் கேட்காது.

கேள்வி: தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் நீரேற்று நிலையத்தில் மூன்று பம்புகளில் இரண்டு ஓடும், ஒன்று காத்திருக்கும். ஓடாமல் நிற்கும் பம்புக்கும் அலாரம் வருகிறது. அதை மென்பொருளில் அணைத்துவிடலாமா?
(பம்ப் ஆபரேட்டர், சேரன்மகாதேவி)

பதில்: மோட்டார் ஓடும் சமிக்ஞையை மென்பொருளோடு இணைத்து, ஓடும்போது மட்டும் அந்தக் குழு உயிர்பெறும்படி செய்யுங்கள், கையால் அணைத்தால் பம்பை மாற்றும் நாளில் திரும்பப் போட மறந்துபோகும். ஆனால் நிற்கும் பம்பில் தெரியும் அதிர்வு பொய் அல்ல. ஓடும் பம்புகளின் நடுக்கம் பொதுவான அடித்தளம் வழியாக அதற்கு வருகிறது. சுழலாமல் நிற்கும் பேரிங்கில் குண்டுகள் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால், நடுவிலுள்ள எண்ணெய்ப் படலம் விலகி, வளையத்தில் குண்டுகளின் இடைவெளியிலேயே சிறு பள்ளங்கள் விழும். பத்திரமாக ஓய்வெடுத்த பம்பு ஓட்டிய அன்றே ஊளையிடுவதற்கு இதுதான் பல இடங்களில் காரணம். நிற்கும் பம்பை வாரம் ஒரு முறையாவது மாற்றி ஓட்டுங்கள்.

கேள்வி: குழு அலாரத்தில் ‘ஏதேனும் ஒன்று’, ‘எல்லாம் சேர்ந்து’ என்று இரண்டு தேர்வுகள் உள்ளன. எதை எப்போது வைப்பது? இரண்டு ஃபேன்களும் ஒரே மாதிரி என்றால் வரம்பும் ஒன்றாக இருக்கலாமா?
(பொறியியல் மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: எச்சரிக்கைக்கு ‘ஏதேனும் ஒன்று’ போதும், தவறாக வந்தால் ஒருவர் நடந்துபோய்ப் பார்த்துத் திரும்புவார், அவ்வளவுதான். இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் ட்ரிப்புக்கு, ஒரு சென்சாரின் கோளாறு ஆலையையே நிறுத்திவிடாதபடி, இரண்டும் சேர்ந்து ஒப்பினால்தான் என்று வைப்பது உண்டு. பெரிய டர்பைன், கம்ப்ரசர்களின் பாதுகாப்புக்கான, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏ.பி.ஐ. 670 தரம், ஷாஃப்ட் அச்சுவாக்கில் நகர்வதைக் கண்காணிக்கும் இரண்டு சென்சார்களும் ஒப்பினால் ட்ரிப் என்ற முறையைக் கொண்டிருக்கிறது. எப்படியானாலும் ட்ரிப் தனிப் பாதுகாப்புக் கருவியில் இருக்கட்டும். கணினியில் ஓடும் மென்பொருளின் குழுவிடம் அதை விடக் கூடாது.

இரண்டாம் கேள்விக்குப் பதில், கூடாது. நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத் தூண்களைத் தட்டிக் கேட்டிருப்பீர்கள். கல் ஒன்றானாலும் ஒவ்வொரு தூணும் தன் சுரத்தில்தான் பேசும். இயந்திரமும் நிற்கும் இடத்தைப் பொறுத்தே பேசுகிறது. ஐ.எஸ்.ஓ. 10816-3 அட்டவணைப்படி (இது 2022-இல் 20816-3 என்ற எண்ணுக்கு மாறிவிட்டது) 15 முதல் 300 கிலோவாட் வரையிலான இயந்திரம் உறுதியான அடித்தளத்தில் இருந்தால், தொடர்ந்து ஓட்டத் தக்க அதிர்வின் எல்லை விநாடிக்கு 2.8 மி.மீ.; நெகிழும் இரும்புச் சட்டத்தில் இருந்தால் 4.5 மி.மீ. வழக்கமாக ஓடும் அளவோடு இந்த எல்லையில் கால் பங்கைக் கூட்டி எச்சரிக்கை வைக்க வேண்டும் என்பது அத்தரத்தின் பரிந்துரை. கான்கிரீட்டில் நிற்கும் ஃபேன் வழக்கமாக 1.2 என்றால் எச்சரிக்கை 1.9, மேல்மாடிச் சட்டத்தில் நிற்கும் அதன் இரட்டைச் சகோதரன் வழக்கமாக 2.6 என்றால் 3.7. இருவருக்கும் 3.7 வைத்தால், கீழே நிற்பவன் தன் இயல்பைப்போல் மூன்று மடங்கு ஆடும்வரை உங்களுக்குச் செய்தி வராது. அமைப்பின் வடிவத்தைக் குழுவுக்குப் பொதுவாக வைத்து, எண்ணை மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனியாக நிரப்புங்கள்.

கேள்வி: அலாரம் பெயர்களைத் தமிழில் இடலாமா? எங்கள் ஷிஃப்ட் ஊழியர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும்படியும் அமைத்திருக்கிறோம். தமிழில் அனுப்பினால் பாதியில் துண்டாகிறது.
(மின் மேற்பார்வையாளர், நூற்பாலை, அம்பாசமுத்திரம் வட்டாரம்)

பதில்: தாராளமாக இடலாம், இரவு இரண்டு மணிக்கு விழிப்பவருக்குத் தாய்மொழியில் வருவதுதான் விரைவில் புரியும். பல மென்பொருள்களில் குழுவின் பெயர், விளக்கம் ஆகிய இரண்டு இடங்களிலும் யூனிகோடு தமிழ் ஏற்கும். அறிக்கை அச்சாகும் எழுத்துரு மட்டும் சில சமயம் கட்டமாக வரும், அதை முன்கூட்டியே அச்சிட்டுப் பாருங்கள்.

துண்டாவதற்குக் காரணம், ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் இருக்க, தமிழில் எழுதினால் 70 இடம்தான் கிடைக்கும். அதிலும் புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றும் தனி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ‘மோட்டார்’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கைபேசிக்கு எட்டு. ஆகவே ஆலையின் பெயர், பகுதி, தேதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எந்த இயந்திரம், எந்த இடம், என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். “மூன்றாம் ஃபேன், மோட்டார் பக்கப் பேரிங் கிரீஸ் பார்க்கவும்” என்பது 57 இடத்தில் அடங்கிவிடுகிறது. மீதமுள்ள 13 இடத்தில் அளவீட்டின் எண்ணையும் சேர்த்துவிடலாம்.